இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்

வாசகரே, 'வேணாங்க' என்று ஓர் இனம் உண்டு. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்கு ஒருவராவது அகப்படுவார். பசி வயிற்றைக் கிள்ளும், அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை மூக்கைத் துளைக்கும், ஆனால் "சாப்பிடுறீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டு முடிப்பதற்குள் "இப்பத்தாங்க சாப்பிட்டு வாரேன்" என்று பதில் வந்து விழும். எங்கே சாப்பிட்டார்? என்ன சாப்பிட்டார்? அதெல்லாம் அவருக்கே தெரியாது.

இதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். இது முறை. முதல் தடவை கேட்டால் மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் "ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து உட்கார வைத்தால், "நீங்க இம்புட்டுச் சொல்றதால" என்று பெரிய மனது பண்ணி உட்கார்ந்து, அப்புறம் ஒரு பிடி பிடிக்க வேண்டும். முதல் தடவையிலேயே "சரி" என்கிறவனைக் காணாததைக் கண்டவன் என்று ஊர் பேசாதா? விருந்துப் பந்தியில் இவர்களைப் பாருங்கள். கறி வாளி வரும்போது "போதும், போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார்கள். விரல்களுக்கு நடுவே மட்டும் ஒரு கரண்டிக் கறி தாராளமாக இறங்குகிற அளவுக்கு வழி இருக்கும். பரிமாறுகிறவரும் அந்த வழியாகத்தான் போடுவார்.

இந்த இனத்தில் பிறந்து, இந்த முறையில் தேறி, மேல்படிப்புக்கு ஜெர்மனி போனவன் கோபிநாத். ஆலங்குடிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அமிர்தவல்லியின் ஒரே பிள்ளை. அவனுக்கு அங்கே ஒரு பெரிய கவலை. குடியிருந்த அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் பொண்ணு கிடைத்தாலும் கிடைக்கும், மாணவனுக்கு அறை கிடைக்காது. கூடப் படிக்கிற மார்க்குஸ் இருக்கும் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. கேட்க வேண்டியதுதானே என்கிறீர்களா? நன்றாகச் சொன்னீர்கள்! வலியப் போய்க் கேட்பதா? மார்க்குஸே கேட்கட்டும், நாலு தடவை கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தான். உள்ளுக்குள் பயத்தில் அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை பக்கத்து நகரத்தில் உணவுத் திருவிழா. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மார்க்குஸ் எல்லோரையும் பொதுவாகத்தான் அழைத்திருந்தான். தனியாகக் கேட்காததால் மறுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று கோபிநாத் கிளம்பிவிட்டான். ரயிலடிக்கு வந்தது இவர்கள் இரண்டு பேர்தான். எப்படியும் இன்றைக்கு அறைப் பேச்சு வந்துவிடும்.

ஆற்றங்கரை நெடுகக் கடைகள். ஒரு பக்கம் பாலாடைக்கட்டியை உருக்கி ரொட்டியில் வழிய விடுகிறார்கள், இன்னொரு பக்கம் இறைச்சி தணலில் சுருண்டு எண்ணெய் சொட்டுகிறது, நடுவில் பொரித்த மீனை எலுமிச்சையோடு காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். காலையில் ஒரு துண்டு ரொட்டி மட்டும் தின்றிருந்த கோபிநாத்துக்கு வாயெல்லாம் நீர்.

"உனக்கும் ஒன்று வாங்கட்டுமா?" என்றான் மார்க்குஸ்.

"வேண்டாம். இப்போதுதான் சாப்பிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான். ஒரே ஒரு 'சரி'! கோபிநாத் அடுத்த கேள்விக்காகத் தலையைச் சொறிந்தபடி காத்திருந்தான். மார்க்குஸ் மீனைக் கடித்தபடி நடந்தான். பேசிக்கொண்டது இங்கிலீஷில்தான், முறை மட்டும் ஆலங்குடி. சரி, தானே ஒன்று வாங்கித் தின்னலாமே? எப்படி முடியும்? சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்ன வாய் அல்லவா? சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டி அவன் கடை கடையாகப் பட்டினியாக நடந்தான். மார்க்குஸும் கடைக்குக் கடை நேர்மையாக ஒரே ஒரு தடவை கேட்டான்.

கடைசிக் கடையில் மசால்வடை வாசனை வந்தது. கல்லாவில் இருந்த பெண்ணின் பெயர் சரண்யா, ஊர் ஆலங்குடிப் பக்கத்துக் குளத்தூர் என்று தெரிந்ததும் கோபிநாத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முறை தெரிந்த மனுஷி!

"நம்ம ஊரா நீங்க! சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றான் மலர்ந்த முகத்தோடு.

"அப்படிங்களா, சரிங்க" என்றவள், பின்னால் நின்ற ஜெர்மன்காரருக்கு வடையை எடுத்து வைத்தாள். ஜெர்மனிக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டதாம்.

திரும்புகிற ரயிலில் கோபிநாத்தின் வயிறு மேளம் கொட்டியது. அப்போதுதான் மார்க்குஸ் வாயைத் திறந்தான்.

"எங்கள் வீட்டில் ஓர் அறை காலி. உனக்கு வேண்டுமா?"

எத்தனை நாள் ராத்திரி கோபிநாத் கனவு கண்ட கேள்வி! ஆனால் நாக்கு இருக்கிறதே, அது யாரைக் கேட்டது?

"வேண்டாம், வேண்டாம். உங்களுக்கு எதற்குச் சிரமம்."

"சரி. அப்படியானால் வேறு ஒருவன் கேட்டிருந்தான், அவனுக்குச் சொல்லிவிடுகிறேன்" என்று மார்க்குஸ் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

கோபிநாத்துக்கு மாதக் கடைசியில் பெட்டியோடு தெருவில் நிற்கிற காட்சி கண்முன் வந்தது. 'வேண்டும்' என்று ஒரு சொல். அதைத்தான் சொல்லிப் பழக்கமே இல்லையே!

பாய்ந்து மார்க்குஸின் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னொரு தடவை கேள்!"

"எதை?"

"அறையை. கேளேன்!"

மார்க்குஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு அறை வேண்டுமா?"

"அது... உங்கள் வீட்டார் என்ன நினைப்பார்களோ..."

மார்க்குஸ் மறுபடியும் போனைப் பார்த்தான்.

"இரு, இரு! இன்னும் ஒரே ஒரு தடவை!"

"உனக்கு அறை வேண்டுமா, வேண்டாமா?" என்று அந்த ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் மார்க்குஸ்.

கோபிநாத் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ இவ்வளவு வற்புறுத்துவதால் வருகிறேன்."

மறுநாள் அமிர்தவல்லி போனில் விசாரித்தாள். "ரூம் கெடச்சிருச்சாப்பா? நீயாப் போயிக் கேட்டியா?"

"சேச்சே, என்னம்மா நீ! அவந்தான் கேட்டான். மூணு தடவ. வேணாம்னு சொன்னாலும் விடல, கத்தவே ஆரம்பிச்சுட்டான்."

"தங்கமான புள்ள" என்றாள் தாய், மனம் குளிர்ந்து. "நம்ம ஊரு முறை தெரிஞ்சவனா இருக்கான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் இந்த இனம்தானா, வாசகரே? "சேச்சே, நானா? இல்லவே இல்லை" என்கிறீர்கள். அதனால் என்ன, இன்னும் இரண்டு தடவை கேட்கிறேன்.