மூடிக்குள்ளே மேட் கறுப்பு

போர்டு சிங்காரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டதில்லையா? மூடி போட்டு, நாலு பக்கமும் திருகி, தோட்டத்து மோட்டார் ரூமில் பல்லிக்குத் துணையாக மாட்டப்போகிற பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு லட்சணமாக இருக்க வேண்டும் என்று உயிரை விடுகிறவர். உத்தமபாளையம் பங்கிராஸ் அந்த இனத்தின் அசல் வித்து.

செல்போனிலிருந்தே பம்ப் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் செய்வது அவர் தொழில். இருப்பதிலேயே மலிவான பச்சை போர்டாகப் பார்த்துத்தான் வரவழைப்பார். வந்ததும், கடித்துத் துப்பியது போலிருக்கும் ஓரங்களை உப்புத்தாளை நனைத்து வழவழவென்று தேய்த்து, தேய்த்த ஓரத்துக்கு மார்க்கரால் மை தீட்டி, ஈயம் பற்றவைத்த இடத்துப் பிசுக்கைத் தின்னரும் பழைய டூத்பிரஷ்ஷும் கொண்டு போக்கி, ரெசிஸ்டர்களின் வண்ணக் கோடெல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிச் சரிபார்த்து, கைரேகை படாமல் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்து, ‘ப்ச்’ என்பார். மறுபடி உப்புத்தாள்.

இந்தத் தடவை அவருக்குப் பச்சை நிறமே பிடிக்காமல் போயிற்று. பற்றவைக்கும் புள்ளிகளுக்கு மட்டும் டேப் ஒட்டிவிட்டு, வெறும் போர்டு முழுக்கப் பளபளப்பில்லாத மேட் கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். எந்தக் கம்பி எங்கே என்று அச்சடித்திருந்த எழுத்துகளும் சேர்ந்து மறைந்தன. நல்லதுதான், முகம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே, இவரிடம் புது ஸ்டார்ட்டருக்குச் சொல்லிவைத்திருந்த நாகஜோதியின் திராட்சைத் தோட்டத்தில் பழைய ஸ்டார்ட்டர் எரிந்து, பிஞ்சு விட்ட கொடிகள் தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தன.

“ஏங்க, நாகஜோதியக்கா திரும்பவும் போன் போட்டாக. பிஞ்சு உதிருதாம்,” என்றாள் மனைவி பெனிட்டா.

“பெயிண்ட் காயணும்ல?”

“யாருங்க அதத் தெறந்து பாக்கப் போறாக?”

பங்கிராஸுக்குச் சுருக்கென்றது. யாரும் பார்க்கவில்லை என்பதற்காகக் கிழிந்த பனியன் போடலாமா என்று கேட்க வாயெடுத்தார். போட்டிருந்ததே கிழிந்த பனியன் என்பதால் கேட்கவில்லை.

ஒருவழியாகத் தோட்டத்துக்குப் போனார். பொருத்த வேண்டியவை ஐந்து கம்பிகள். மூன்று மின்சாரத்துக்கு, இரண்டு மோட்டாரைக் கிளப்ப. எது எங்கே? மலிவு போர்டாயிற்றே, ஒவ்வொரு தடவையும் இடம் மாறித்தான் வரும். போர்டைப் பார்த்தார். கறுப்பு. திருப்பிப் பார்த்தார். அங்கேயும் கறுப்பு. மாற்றிக் கொடுத்தால் போர்டு புகைந்துவிடும்.

“என்ன தம்பி, மாட்டாம பாத்துக்கிட்டே நிக்கிறீக?” என்றாள் நாகஜோதி.

“இல்லக்கா... எழுத்தெல்லாம் பெயிண்டுக்கு அடியில போயிருச்சு.”

“அப்ப சொரண்டிப் பாருங்க.”

சுரண்டுவதா! பெற்ற பிள்ளையின் கன்னத்தில் கீறச் சொன்னது போலிருந்தது அவருக்கு.

“வீட்டுக்குக் கொண்டுபோயி நேக்கா அழிச்சிட்டு, நாளைக்கு...”

“நாளைக்கு எங்கன இருக்கும் பிஞ்சு? இன்னைக்குக் கரண்டே இன்னும் கொஞ்ச நேரந்தான்யா!”

சொன்னவள் போர்டைப் பிடுங்கி, கையிலிருந்த, கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரியின் முனையால் கரகரவென்று சுரண்டினாள். பங்கிராஸுக்குப் பல் கூசியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வேறு வழியில்லாமல் கம்பிகளைப் பொருத்தினார். மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. பங்கிராஸுக்கும்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது போர்டில் விழுந்த கீறலை.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் கொஞ்ச நேரமாக உங்கள் மனசில் ஓடுவது என்ன? அந்தக் கீறல் தெரியாமல் டச்சப் பண்ண வழியுண்டா என்பதுதானே? மழுப்ப வேண்டாம். கொடிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா, பிஞ்சு நின்றதா என்று நீங்களும் இதுவரை கேட்கவில்லை.