கோவிந்தண்ணன் அடுப்பில் வேகாத கேக்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாத பண்டத்தைச் சமைத்துப் பரிமாறக் கூடாது. தெரிந்த சாம்பாரில் உப்பு கூடினால், பாவம், பதற்றத்தில் கூடிவிட்டது என்று மன்னிப்பார்கள். தெரியாத பண்டம் கெட்டுப்போனால் அந்தக் குடும்பமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த ஞானம் எனக்கு இருபத்து மூன்று வயதில் வந்தது. கொஞ்சம் தப்பியிருந்தால் அதற்கு விலை என் அக்காவின் கல்யாணமாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 'உண்மையே பேசு' என்று தினமும் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதிப் போடுகிறவர். எஸ்தர் அக்காவும் டீச்சர்தான். அவளுக்கு வயது இருபத்தெட்டைத் தொட்டுவிட்டது. அதற்கு முன்பு வந்த வரன்களெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று எழுந்து போனவர்கள். (இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.)

இந்த முறை சைதாப்பேட்டையிலிருந்து சாமுவேல் என்ற பையனின் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டோவைத் தன் பைபிளில் லேவியராகமத்துக்குள் வைத்திருந்தாள். யாரும் திறக்காத பக்கம் என்று நினைத்திருப்பாள். நான் திறந்தேன். இந்த இடம் அமைய வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி நானும் ஜெபம் செய்தேன். ஜெபத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கிண்டியில் ஒரு கம்பெனியில் நான் அப்போது குமாஸ்தா. எங்கள் மேனேஜர் ஒருநாள் அடையாற்றில் இருந்த தன் வீட்டுக்கு எங்களைச் சாப்பிட அழைத்தார். ஒரு பெரிய தட்டில் முழுக் கோழி, சுற்றிலும் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம். எல்லாம் ஒன்றாக 'அவன்' என்கிற அடுப்புப் பெட்டிக்குள் வெந்து, பொன்னிறத்தில் மேசைக்கு வந்தன. குழம்பு இல்லை, பொரியல் இல்லை, தாளிப்பு இல்லை. மேனேஜரின் மனைவி வியர்வை இல்லாமல் எங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒரு தரிசனம்.

வீட்டுக்கு வந்து பிரசங்கம் செய்தேன். "அம்மா, அவங்க வர்ற அன்னைக்கு நீ அடுப்படியிலயே கிடக்க வேணாம். எல்லாம் ஒரே தட்டு. நான் பாத்துக்கறேன்."

"சோறு?" என்றாள் அம்மா.

"சோறு கிடையாதும்மா."

அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பாதான், "புதுசா இருக்கட்டுமே, மரியாதையா இருக்கும்" என்றார். என் வாழ்நாளில் அப்பா என்னை ஆதரித்துப் பேசிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. (அம்மா சத்தமில்லாமல் ரசத்துக்குப் புளியை ஊறப் போட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அந்த 'அவன்' கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா வீட்டு கேக் மாவும் தட்டு தட்டாகக் கோவிந்தண்ணன் பேக்கரிக்குத்தான் போகும். விறகு அடுப்பு. காலையில் ரொட்டி வெந்து இறங்கியதும் உள்ளே இருக்கிற சூட்டில் வெளித் தட்டுகளை வைத்து எடுத்துக் கொடுப்பார். கேக் வேகிற இடத்தில் கோழி வேகாதா என்று கணக்குப் போட்டேன்.

எல்லாவற்றையும் யோசித்தவன் அது என்ன மாதம் என்று மட்டும் யோசிக்கவில்லை. அவர்கள் வருகிற நாள் சனிக்கிழமை. காலையில் கோழிக்கடையில் ஈ, காக்கை இல்லை. கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு முழுக் கோழிக்குத் தயிர், மிளகு, பூண்டு தடவி, பெரிய அலுமினியத் தட்டில் காய்களின் மேல் படுக்க வைத்தேன். வண்ணத்துக்கு இருக்கட்டும் என்று பீட்ரூட்டும் சேர்த்தேன். மூடி போட்டு, ஆவி போகாமல் இருக்க ஓரமெல்லாம் மைதா மாவால் அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன்.

பேக்கரி வாசலில் கோவிந்தண்ணன் ஈர வேட்டியோடு நின்றார். நெற்றி நிறையத் திருநாமம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புரட்டாசி சனிக்கிழமை!

"இன்னா தம்பி, கேக்கா?" என்றார்.

திரும்பிப் போயிருக்கலாம். நான் சிரித்தேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு சிரிப்பு.

"வூட்ல இன்னா விசேசம்?"

"அக்காவைப் பாக்க வர்றாங்கண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம எஸ்தர் பாப்பாவுக்கா? குடு, குடு! இப்ப சூடு ஜாஸ்தியா கீது, கேக்கு கருகிப்பூடும். கொஞ்சம் எறங்கட்டும். நானே ஓரமா வச்சுப் பாத்துக்கறேன். நீ போய் குளிச்சிட்டு வா தம்பி."

இப்படியாக, கோழிக்கு வேண்டியிருந்த சூடு முழுவதும் என் அக்காமேல் அவர் வைத்திருந்த பாசத்தால் வீணாய்ப் போனது.

மதியம் சாமுவேலும் அவன் அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் சைக்கிளை மிதித்துப் போனால், பேக்கரி முன்னால் சிறு கூட்டம். கோவிந்தண்ணன் மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "மேல எவம்பா அது, பெருமாள் கெழமையில கோழி வெக்கிறது? தெருவே நாறுது!"

மாடியில் தனியாகக் குடியிருந்த பிரம்மச்சாரி ஒருவர் தன் தயிர்சாதப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்து, கூட்டத்துக்குத் திறந்து காட்டினார். "காலம் கெட்டுக் கிடக்கு" என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலைமேல் எனக்குக் கோபம் வருகிறது.

"வாப்பா, ஒன் கேக்க எடுத்துடலாம்" என்று கோவிந்தண்ணன் நீளத் துடுப்பை அடுப்புக்குள் விட்டு என் தட்டை இழுத்தார். மைதா அடைப்பு வெடித்திருந்தது. பூண்டும் மிளகும் குப்பென்று முகத்தில் அடித்தன. பக்கத்திலேயே அதே சூட்டில் வெந்த இனிப்பு பன்கள். பெருமாளுக்குத் தளிகை படைத்து முடிந்ததும் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக அவர் வேண்டிக்கொண்டு போட்டவை. அவர் ஒரு பன்னை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா கேக்கு தம்பி இது?"

நான் குனிந்து தட்டின் மூடியைச் சரிசெய்தேன். அவர் திட்டவில்லை. "எடுத்துக்கினு நட. வாத்தியாராண்ட ஒரு வார்த்த கேக்கணும்" என்றார். அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் முன்னால், நாமத்தோடு அவர் பின்னால். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

வீட்டு வாசலில் நின்றே அவர் பேசினார். எல்லோருக்கும் கேட்டது. "சார், ஒங்க புள்ள பொய் சொல்லல. ஆனா நெசத்தையும் சொல்லல. அடுப்ப ஒரு தபா புதுசா எரிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். கடப் பசங்க தளிகைக்கு வூட்டுக்குப் பூட்டானுங்க. வெறகு யார் தூக்கறது, நீங்களே சொல்லுங்க."

அப்பா தலை குனிந்து நின்றார். சாமுவேலின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா தட்டில் எதையோ ஏந்தியபடி கதவோரம் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாள். லேவியராகமத்தில் இருந்த போட்டோ என் கண்முன் வந்தது.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். "தப்பு எங்க வீட்டு மேலதான் அண்ணா. விறகு நான் தூக்கறேன், வாங்க" என்றாள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எழுந்தார். "நீங்க இருங்க. நான் போறேன்." எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

அவரும் நானும் சவுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்து அடுப்பை மறுபடி மூட்டினோம். கோவிந்தண்ணன் புதிதாக மாவு பிசைந்தார். பெண் பார்க்க வந்தவர் இடுப்பில் துண்டோடு பன் உருட்டினார். என்னைப் பன் பக்கம் அண்டவிடவில்லை. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் புது பன் கிடைத்தது. நேர்த்தி நிறைவேறியது.

வீட்டிலோ, மூடியைத் திறந்திருக்கிறார்கள். பீட்ரூட் சாறு ஊறி, இரண்டு கோழிகளும் ரத்தச் சிவப்பில் பாதி வேகாமல் கிடந்தன. உருளைக்கிழங்கு கல். "அடிபட்ட கோழியா சம்பந்தி?" என்று சாமுவேலின் அம்மா கவலையோடு கேட்டாராம். வாய் தவறிய அந்தச் 'சம்பந்தி'யைக் கேட்டதும் அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இருவருமாகச் சேர்ந்து அரிவாள்மனையில் கோழியைத் துண்டு போட்டு, மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, சோறு வடித்தார்கள். ரசம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கரியும் மாவுமாகத் திரும்பி வந்த சாமுவேலிடம் அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அப்போது அவள் சிரித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. இந்த முறை யாரும் கடுதாசி போடுவதாகச் சொல்லவில்லை. கை கழுவுவதற்குள் தேதியே குறித்துவிட்டார்கள்.

கல்யாண கேக் கோவிந்தண்ணன் போட்டதுதான். அப்பாவிடம் மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் மேடைக்கு அனுப்பினார். பேக்கரிச் சுவரிலும் புதிதாக ஒரு வரி ஏறியது: 'திறந்து காட்டாத தட்டு அடுப்பில் ஏறாது.'

இப்போது அக்கா வீடு கூடுவாஞ்சேரியில். நான் என்ன பொட்டலத்தோடு போனாலும் சாமுவேல் மாமா வாசலிலேயே நிறுத்தி, "இன்னா தம்பி, கேக்கா?" என்பார். பிரித்துக் காட்டாமல் உள்ளே போக முடியாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா என் குணத்தைப் பற்றி விசாரித்தபோது மாமா மிகுந்த பொறுப்போடு சொன்னார்: "தங்கமான பையன் சார். ஒண்ணே ஒண்ணு, ஏதாவது கேட்டு அவன் சும்மா சிரிச்சான்னா, மூடியைத் திறந்து பாத்துடுங்க."

உள்ளே கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் என் மனைவி. அவள் முன்னால் நான் இன்றுவரை காரணமில்லாமல் சிரித்ததில்லை.