கொயர் மாஸ்டரின் வலது கை

ஆஸ்டின் டவுனில் கடவுளுக்குப் பயப்படாத ஆட்களைக் காட்டிவிடலாம். எங்கள் சர்ச் பாட்டுக்குழுவை நடத்தும் கொயர் மாஸ்டருக்குப் பயப்படாத ஒருவரைக் காட்ட முடியாது. கோயிலில் பாட்டு நடத்த அவர் வலது கை உயர்ந்தால் ஃபாதரே இருமலை அடக்கிக்கொள்வார். மனைவி இறந்த பிறகு அந்தக் கையை நம்பித்தான் மனிதர் காலையில் எழுந்தார்.

பின்வரிசைக்கும் கை தெரிய வேண்டுமென்று, நாங்கள் உட்கார்ந்திருக்கும் நீள பெஞ்சின் ஒரு முனையில் ஏறி நின்றுதான் பயிற்சி நடத்துவார். ஒரு சாயங்காலம் எங்களை எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக, உச்சக்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ என்று எல்லா வரிசையும் ஒன்றாக எழுந்தோம். பெஞ்சின் மறுமுனை மேலே போனது. மாஸ்டர் கீழே போனார். மேற்கை எலும்பு நடுவில் முறிந்தது. தரையில் கிடந்தபடியே, "ஆல்டோ லேட்டு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "ரெண்டு வழி இருக்கு மாஸ்டர். நெயில்னா தோள் வழியா எலும்புக்குள்ள கம்பி விடுவோம். காயம் சின்னது, ஆனா சிலருக்குக் கைய முழுசாத் தூக்க வராது. பிளேட்னா எலும்பு மேல தகடு வெச்சு முடுக்குவோம், அதுக்கு நீளமா வெட்டணும், பக்கத்துலயே நரம்பு ஓடுது. அது சோர்ந்துச்சுன்னா மணிக்கட்டு தொங்கிடும். பெரும்பாலும் சரியாயிடும், மாசக்கணக்காகும்."

"எனக்குக் கை மேலயும் போகணும், மணிக்கட்டும் ஆடணும்மா. இல்லன்னா சும்னே வீட்ல உக்காந்து செவுத்தப் பாக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையோடு பிசியோதெரபி அறைக்குள் நுழைந்தார். நெயில் வைத்த ஸ்ரீராம்புரத்து ஆட்டோக்காரரைத் தாளம் போடச் சொன்னார். கை காது வரை வந்து நின்றுவிட்டது.

"இதுக்கு மேல ஏறல மாஸ்டர். ஆட்டோ ஓட்ட இது போதும்."

"ஆட்டோவுக்குப் போதும். சோப்ரானோவுக்குப் போதாது."

பிளேட் வைத்த டெய்லரின் கை உச்சிவரை போனது, மணிக்கட்டும் ஆடியது. தாளம் மட்டும் தப்பு என்று அவரைக் கடிந்துகொண்டு, மாஸ்டர் பிளேட்டுக்குச் சம்மதித்தார்.

ஆபரேஷனில் எலும்பு அழகாகச் சேர்ந்தது. ஆனால் மயக்கம் தெளிந்த அன்றே மணிக்கட்டு தொங்கியிருந்தது. "நரம்பு அறுபடல மாஸ்டர், நான் கண்ணால பாத்தேன். தானா வரும்," என்றார் டாக்டரம்மா. மாஸ்டர் யாரையும் திட்டவில்லை.

அதன்பின் பயிற்சிக்கு வந்து நாற்காலியில் உட்காருவார். மணிக்கட்டைத் தாங்க ஒரு பட்டை. கை தலைக்கு மேலே தாராளமாகப் போகும், விரல்கள் மட்டும் உயிரில்லாமல் மடிந்திருக்கும். நாங்கள் எப்படிப் பாடினாலும் "பரவால்ல" என்பார். அவரை உசுப்பிவிட, வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பாடினோம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். சோப்ரானோ வரிசையில் யாரோ விசும்பினார்கள். திட்டு வாங்காமல் பாடுவது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

தவக்காலம் வந்தது. ஒரு நாள் பட்டையைக் கழற்றிவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். துக்கப் பாட்டு. பாதியில் அவர் முகம் சுளித்தது. மடியில் கிடந்த ஆள்காட்டி விரல் மெல்ல, நடுங்கி நடுங்கி நிமிர்ந்து, என் பக்கம் திரும்பியது. பாட்டு அப்படியே நின்றுபோனது. அவர் மட்டும் விரலைக் கவனிக்கவே இல்லை.

"டேய், உன் சுருதி எறங்குதுடா, எருமை!"

நான் நிமிர்ந்து நின்ற அந்த விரலையே பார்த்தேன்.

"இன்னொரு தடவ திட்டுங்க மாஸ்டர்," என்றேன்.