ஒற்றைப் பலகையில் நானும் ஆறு மஞ்சள் கேனும்

என்னிடம் ஒரு பலவீனம் உண்டு. "உங்கள விட்டா வேற ஆளே இல்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், என்ன வேலை, எதற்கு என்றுகூடக் கேட்காமல் தலையை ஆட்டிவிடுவேன். அப்படித் தலையாட்டித்தான் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தொடர்ந்து ஏழு வருடம் வரவேற்புரை வாசித்தேன். அப்படித்தான் மார்க்கையன்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஆளாகவும் ஆனேன். (எனக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது. கையெழுத்து மட்டும் உருண்டையாக இருக்கும்.) கடைசியில், நாற்பத்தொரு வயதில், எழுபத்தெட்டு கிலோ எடையில், இரண்டாம் வகுப்பு டீச்சராகிய நான், காலில் ஒற்றைப் பலகையை மாட்டிக்கொண்டு மோட்டார் படகின் பின்னால் கண்மாய்த் தண்ணீரில் வளைந்து வளைந்து போகவும் தலையாட்டினேன்.

கேட்டவன் என் தம்பி ஜெரோம். பஹ்ரைனில் ஒரு கடற்கரை விடுதியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன். அங்கே வருகிற விருந்தாளிகள் படகோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குவார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் ஊருக்கு வந்தபோது அவன் மகளுக்கு ஐந்து வயது. இவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பிள்ளை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடி, "அப்பா, இங்கன யாரோ ஒரு மாமா வந்திருக்காக" என்று இவனுக்கே போன் போட்டாள். இவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசினானா இல்லையா என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, இனிமேல் திரும்பிப் போகப் போவதில்லை என்றான்.

இங்கே பிழைப்புக்கு அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். தேக்கடிக்குப் போகிற சுற்றுலாக் கார்கள் எல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. அவற்றைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி, உள்ளே இருப்பவர்களைத் தண்ணீரில் சறுக்க விட வேண்டும். அதற்காகக் கொச்சியிலிருந்து ஒரு பழைய படகை வாங்கி, லாரியில் ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிட்டான். பாக்கி இருந்தது சங்கத்தின் சம்மதம் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் லீவு முடிந்ததும் மறுபடி விமானம்.

சங்கத் தலைவர் காதர் அண்ணன் நெல்லும் வாழையும் போடுகிறவர். யாருடைய மனமும் நோகப் பேசமாட்டார். அதனாலேயே அவரிடமிருந்து ஆமாம், இல்லை இரண்டையும் வாங்க முடியாது. ஜெரோம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இளவட்டங்கள் செய்வது பெரிய காரியமில்லை என்றாராம். "குடும்பம் குட்டியோட வர்றவுகளுக்கும் ஆவாதுன்னு எப்படித் தெரியும்? ஒங்க அக்கா மாதிரி ஒரு ஆளு விழாம போய்ட்டு வரட்டும். அப்புறம் பேசுவோம்" என்றாராம்.

ஜெரோம் நேராக என் அடுப்படிக்கு வந்தான். "ஒன்னைய விட்டா ஆளே இல்லக்கா" என்றான். அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் தலைதான் பொறுப்பு.

தலையாட்டிய பிறகுதான் விவரம் கேட்டேன். கற்றுக்கொள்கிறவர்கள் வழக்கமாகக் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை போடுவார்கள். 'ஸ்லாலம்' என்பது அடுத்த படி. ஒரே பலகையில் ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைத்து நிற்க வேண்டும். தண்ணீரில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஆறு மிதவைகள் இருக்கும். படகு நடுவில் நேராகப் போகும். கயிற்றைப் பிடித்திருக்கிறவர் ஒவ்வொரு மிதவையையும் சுற்றி வளைந்து வர வேண்டும். முதல் படியை விட்டுவிட்டு அடுத்த படியில் ஏன் ஏறுகிறோம் என்று கேட்டேன். ஜோடியில் ஒரு பலகை குமுளி இறக்கத்தில் லாரியிலிருந்து விழுந்துவிட்டது என்றான். மிதவைகளுக்குப் பதிலாக மூடி இறுக்கிய மஞ்சள் எண்ணெய்க் கேன்கள். ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கயிற்றின் அடியில் ஒரு கல்லைக் கட்டிக் கண்மாயில் இறக்கியிருந்தான்.

முதல் மூன்று நாள் பயிற்சி தரையில். கொல்லையில் பலகையை வைத்து, அதன்மேல் பொருத்தியிருந்த ரப்பர் காலணிக்குள் சோப்பு நுரை தடவிக் காலை நுழைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வேன். என் வீட்டுக்காரர் எதிரே நின்று கயிற்றை இழுப்பார். நான் அப்படியே எழுந்து நிற்க வேண்டும். அவர் பழனிசெட்டிபட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவர். ஒரு போனைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லை. ஆகையால் பெரும்பாலும் நான் எழுந்திருக்க மாட்டேன், அவர்தான் என்மேல் வந்து விழுவார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயார் துணி காயப்போட வந்து, பார்த்துவிட்டு, காயப்போடாமலே திரும்பிப் போனார்.

பிறகு தண்ணீர். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. மேல்கரையோரம் மட்டும் ஆகாயத்தாமரை பாய் விரித்தது போல அடர்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தமான தண்ணீர். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பாக, சுடிதாரின் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, அதன்மேல் துப்பட்டா, அதற்கு நாலு ஊக்கு என்று இறங்குவேன். (துப்பட்டா எதுக்குக்கா என்று ஜெரோம் கேட்டான். கரையில் ஆம்பளைகள் மாடு குளிப்பாட்டுகிறார்கள், தெரியவில்லையா என்றேன்.) என் குறை ஒன்றுதான். படகு இழுத்தவுடன் பயந்து கயிற்றை விட்டுவிடுவேன். முதல் நாள் ஒன்பது முறை விட்டேன், ஒன்பது முறையும் கண்மாயைக் குடித்தேன். எனவே தம்பி எனக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினான். என்ன ஆனாலும் கயிற்றை விடக்கூடாது. தண்ணீரில் சொன்னான், சாப்பாட்டில் சொன்னான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பின்வரிசையிலிருந்து முஷ்டியை மடக்கிக் காட்டினான்.

பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டேன். எப்படி என்று தெரியாது. முழங்கால் மடங்கியிருந்தது, கை நீண்டிருந்தது, காலுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லியே வாழ்ந்தவளுக்கு, அப்படி வேகமாக ஓரிடத்துக்குப் போவதில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பதினைந்தாம் நாள் நாலு கேன்களைச் சுற்றினேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் சங்கத்துக்கு முன்னால் செய்துகாட்டுவது என்று ஜெரோம் நாள் குறித்தான்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் காதர் அண்ணன் வந்து மனு ஒன்று கேட்டார். கடைசி வயல்களில் இரண்டாம் போக நடவு காய்கிறது, கண்மாய் மடையைத் திறந்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் எழுதினேன். "போர்க்கால அடிப்படையில்" என்று போட்டு, சிவப்பு மையால் இரண்டு கோடும் இழுத்தேன். மடையைத் திறந்தால் வெளியே போவது நான் நிற்க வேண்டிய தண்ணீர்தான் என்பது ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடமாக அதே இரண்டு கோடு போட்டு எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். ஒன்றுக்காவது இரண்டு மாதத்துக்குள் பதில் வந்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். இந்த மனுவுக்கு வெள்ளிக்கிழமையே மடையைத் திறந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கரையெல்லாம் ஆள். சங்கத்துக்காரர்கள், பூசை முடிந்து வந்தவர்கள், உளுந்த வடையும் டீயும். காதர் அண்ணனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜெரோமின் மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். ஜெரோம் மட்டும் கரைக்கல்லில் தெரிந்த ஈரத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. மடையை யார் திறக்கச் சொன்னது என்று முணுமுணுத்தான்.

"ஏலே, அந்த மனுவ நாந்தான்லே எழுதுனேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருடத் திட்டு இருந்தது. ஆனால் திட்ட நேரமில்லை. நடுவில் ஆழம் இன்னும் இருக்கிறது, நீ கேனை மட்டும் பார்த்து வா என்றான். தண்ணீர் இறங்கினால் கேன்களைக் கட்டிய கயிறு தொய்ந்துபோகும், காற்று அடித்தால் கேன் இருந்த இடத்தில் இருக்காது என்பதை ஒன்பது வருடம் கடலில் படகு ஓட்டியவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

படகு இழுத்தது, எழுந்து நின்றேன். முதல் கேன். இரண்டாவது கேன். கரையில் யாரோ விசில் அடித்தார்கள். (எனக்காக விசில் அடிக்கப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.) மூன்றாவது கேனைச் சுற்றும்போது இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தேன். நாலாவது கேன் காற்றில் ஒதுங்கி, மேல்கரை ஆகாயத்தாமரையின் ஓரத்தில் போய்ச் செருகியிருந்தது. புத்தியுள்ளவர்கள் அதை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போயிருப்பார்கள். நான் டீச்சர். நாலாம் கேள்வியை விட்டுவிட்டு ஐந்தாம் கேள்விக்குப் போக எனக்கு வராது. திரும்பினேன், உள்ளே போய்விட்டேன்.

பலகை ஆகாயத்தாமரைக்கு அடியில் போய்க் கழன்றுகொண்டது. நான் வயிற்றில் விழுந்தேன். கையில் கயிறு இருந்தது, மண்டையில் பாடம் இருந்தது. இரண்டையும் விடவில்லை. படகு இழுக்க இழுக்க, என் மிதவைச் சட்டையில் மாட்டிய செடி அடுத்த செடியை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, மேல்கரைப் பச்சை முழுவதும் ஒரே விரிப்பாகப் பெயர்ந்து என் கூடவே கிளம்பியது. வாயைத் திறந்து கத்தலாம் என்றால் வாய்க்குள்ளும் ஆகாயத்தாமரை.

நான் விழுந்தால் கையைத் தூக்கிக் காட்டுவதற்கென்றே என் வீட்டுக்காரரைப் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்திருந்தோம். அவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். திரை திடீரென்று பச்சையாகிவிட்டதாம். எதையோ தெரியாமல் அழுத்திவிட்டோம் என்று நினைத்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். ஜெரோமோ படகு கனத்துப்போனதை உணர்ந்து, அக்கா நன்றாகச் சாய்ந்து இழுக்கிறாள் என்று பெருமைப்பட்டு, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினான்.

எதிர்க்கரைச் சேற்றில் படகு குத்தி நின்றது. பின்னாலேயே ஒரு லாரி அளவு ஆகாயத்தாமரை வந்து கரையேறியது. அதற்குள் நான் இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கரையைச் சுற்றி ஓடிவந்தது. யாரோ அந்தோணியாருக்கு ஜெபம் சொல்ல ஆரம்பித்ததும் என் காதில் விழுந்தது. ஜெரோம் முழங்கால் தண்ணீரில் குதித்து, செடிகளை வாரி வாரி எறிந்துகொண்டு, அக்கா அக்கா என்று அழுதபடி தேடினான். நான் கையை மேலே நீட்டினேன். கையில் கயிற்றின் பிடி அப்படியே இருந்தது.

"கயித்த விடலலே" என்றேன்.

அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. உடம்பில் வலி கிடையாது. நாலாவது கேனுக்காகத் தம்பியை விமானத்தில் ஏற்றிவிட்டேனே என்றுதான் அழுதேன். கரையில் அந்தப் பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றதை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

காதர் அண்ணன் மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஜெரோமைப் பார்க்கவில்லை, கண்மாயைப் பார்த்தார். மேல்கரையில் பச்சை கிடந்த இடத்தில் வெறும் தண்ணீர் பளபளத்தது. கரையேறிக் கிடந்த குவியலை ஒரு சுற்றுச் சுற்றி, காலால் எட்டி வைத்து அளந்தார்.

"இம்புட்டையும் டீச்சர் ஒத்தையிலயா இழுத்தாக? ஆளு விட்டா மூணு நாளு வேலையாச்சே இது" என்றார்.

பிறகு ஜெரோமைத் தனியே கூப்பிட்டு, சறுக்குகிற விளையாட்டெல்லாம் இந்த ஊருக்கு வேண்டாம், ஆள் செத்துப்போகும் என்றார். ஆனால் இந்தப் படகைக் கொண்டு கண்மாயை இப்படியே சுத்தம் செய்து தர முடியுமா என்றும் கேட்டார். அவர் வாயிலிருந்து ஒரு இல்லையும் ஒரு ஆமாமும் ஒரே நாளில் வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வரை ஏழு கண்மாய்களில் ஆகாயத்தாமரை எடுக்கும் வேலை ஜெரோமுடையது. தேனியில் ஒரு பட்டறையில் சொல்லி, கயிற்றின் முனையில் கட்டுவதற்கு ஆறடி அகலத்தில் பல் வைத்த இரும்பு வாரி ஒன்று செய்தான். வெள்ளை பெயிண்டால் அதன்மேல் 'ஸ்டெல்லா' என்று எழுதினான். அது என் பெயர். ஊர் ஊராகப் பரவிவிட்டது. "ஸ்டெல்லாவுக்கு ஒரு பல்லு போயிருச்சாம், வெல்டிங்குக்கு விட்ருக்கான்" என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொல்வார். நான் முறைத்தால், நான் வாரியைச் சொன்னேன் என்பார்.

ஜெரோமின் மகள் இந்த வருடம் என் வகுப்பில்தான் படிக்கிறாள். போன மாதம் 'என் அப்பா' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

என் அப்பா பெயர் ஜெரோம்.
என் அப்பா படகு ஓட்டுவார்.
காலையில் ஸ்டெல்லா அத்தையைக் கயிற்றில் கட்டிக் கண்மாயில் இழுப்பார்.
சாயங்காலம் அத்தையைக் கழுவிச் சுவரில் சாத்தி வைப்பார்.
என் அப்பா தினமும் வீட்டுக்கு வருவார்.

சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.