எல்லைக்கு முன் கடைசி பிரியாணி

"பாய், பிரியாணி ரெடியா?"

"நான் பாய் இல்லப்பா. ராங் நம்பர்."

"அப்ப பாயம்மாவா? நாலு சிக்கன் எடுத்து வைங்க. வந்துகினே இருக்கோம்!"

பாக்கியலட்சுமி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்ததும் மரக்காணத்து உப்பளத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள். மகள் பெங்களூரில். வீட்டில் வேறு யாருமில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிப் பெண்ணிடம்கூட, "வேணாம்மா. நீ சாப்ட்டியா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். அது பதிவுக்குரல்.

கூப்பிட்டவர்களை விசாரித்ததில் விஷயம் புரிந்தது. புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால், கீழ்புத்துப்பட்டில் கடை வைத்திருக்கும் அஹமது கபீர், காரில் போகிறவர்களைப் பிடிக்க ரோட்டோரம் பெரிய போர்டு வைத்திருந்தார். அதில் ஒரு எண் மாறி, இவளுடைய நம்பர் விழுந்திருந்தது.

தொல்லை விட்டால் போதும் என்று, "இன்னிக்குக் கடை லீவு" என்றாள். மறுநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தால், கபீர் காலிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பாவமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, "இருக்குது, எல்லாரும் வாங்க!" என்றாள். எல்லாரும் வந்தார்கள். அண்டா காலியாகி, கபீர் பின்வாசல் வழியாக ஓட வேண்டியதாயிற்று.

பிறகு அவளே ஆளுக்கொரு நேரமாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். வழி சொன்னாள். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் முகரக் கொடுக்கச் சொன்னாள். "ஊர் போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுப்பா" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டாள். சிலர் போட்டார்கள்.

மழைக்காலம் போய், உப்பளத்தில் மறுபடி உப்பு வாரத் தொடங்கினார்கள். போன் வந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் ஒரு பெண், "பிரியாணி வேணாம்மா. நீங்க என்ன சமைச்சீங்க?" என்றாள். பாக்கியலட்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மீன் குழம்பு. கடைக்கு வந்தா கிடைக்கும்." அடுத்துக் கூப்பிட்டவர்களிடமும் அதையே சொல்லிவிட்டாள்.

கடையில் ஏது மீன் குழம்பு? தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலிலேயே கபீர் கத்திக்கொண்டிருந்தார். "மூணு டேபிள்ல மீன் குழம்பு கேட்டு உயிர எடுக்கறாங்க! எவன் கெளப்பி விட்டது?"

"நான்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். கபீர் நாற்காலியில் சரிந்தார்.

"யா அல்லாஹ்! அன்னிக்கு என் கடைக்கு லீவு விட்டதும் நீங்கதானா?"

"மன்னிச்சுடுங்க பாய். போர்டுல நம்பர மாத்திடுங்க." தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்தாள். நாளை முதல் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

மூலை மேஜையில் போர்டு எழுதும் மணிகண்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கபீர் திரும்பினார்.

"டேய்! எந்திரி! மொதல்ல போய் அந்த நம்பர மாத்து!"

மணிகண்டன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அத மழைக்கு முன்னாடியே மாத்திட்டேன் பாய், திட்டுவீங்கன்னு சொல்லல. இப்ப இந்தம்மாவக் கூப்புடறவங்க யாரும் போர்டப் பாத்துக் கூப்புடல."