முதுகுக்கு ஒரு கேஜ்

மனிதன் நிமிர்ந்து நிற்கத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அவன் சரியாகத்தான் நிற்கிறானா என்று முதன்முதலில் சோதித்துப் பார்த்த பெருமை, ஓசூரில் பிரேக் பாகம் செய்யும் எங்கள் கம்பெனிக்கே உரியது. தரக்கட்டுப்பாட்டு மேலாளன் என்ற முறையில் அதில் பெரும்பங்கு எனக்கு. அடக்கம் காரணமாக இதை ஒருமுறைதான் சொல்வேன்.

தொழிலாளர்கள் முதுகுவலி என்று அடிக்கடி லீவு போட்டார்கள். ஜி.எம். திருமலை கூட்டம் கூட்டினார். எங்கள் தொழிலில் எந்தப் பாகத்தையும் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துப் பார்ப்போம். பொருந்தினால் பாஸ், இடைவெளி தெரிந்தால் ரிஜெக்ட். முதுகும் ஒரு பாகம்தானே என்று கேட்டேன். கூட்டம் கைதட்டியது.

மாதிரிக்குக் கௌதம் கிடைத்தான். டிப்ளமா முடித்த கையோடு வந்தவன், இருபத்திரண்டு வயது, ஆறடி உயரம். அவன் முதுகின் வளைவை அப்படியே எடுத்து டூல் ரூமில் ஆளுயர இரும்புத் தகடு வெட்டினோம். ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைத்தோம்.

சோதனை எளிது. தகட்டின் விளிம்பில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது. பெண்கள் எல்லோருக்கும் இடுப்பில் தெரிந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பிடரியில் தெரிந்தது. அதிகாரிகளுக்குச் சோதனை தேவையில்லை என்று அதிகாரிகள் ஏகமனதாக முடிவு செய்தோம்.

வாரம் ஒருநாள் வரும் டாக்டர் ஸோயா ஆட்சேபித்தார். பெண்களுக்கு இடுப்பு வளைவு கூடுதலாக இருக்குமாம், வயது ஏறினால் மேல்முதுகு கூனுவது இயல்பாம், எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே கிடையாதாம்.

"ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வந்தா அது உற்பத்தி இல்லீங்க டாக்டர், மாந்தோப்பு" என்றேன். அவருடைய கருத்தை மினிட்ஸில் மரியாதையாகப் பதிவு செய்து மூடினோம்.

வேப்பனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும் செல்லிக்கு ஐம்பத்தோரு வயது. பாகங்களில் பிசிறு நீக்குபவர். இடுப்பு, பிடரி இரண்டிலும் வெளிச்சம். ரிஜெக்ட் ஆன பாகத்துக்கு மாட்டும் சிவப்பு அட்டையை அவர் கழுத்தில் மாட்டினோம்.

"எனக்கு வலியே இல்லீங்களே சார். இந்த வேலை போச்சுன்னா எம் மவ படிப்பு நின்னுரும்" என்றார்.

உண்மைதான், முதுகுவலி என்று அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை. ஆனால் நாங்கள் அளந்தது வலியை அல்லவே. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

சிறந்த முதுகு சிரமமான இடத்தில் இருப்பதுதான் முறை என்று, செல்லியின் இடத்தில் கௌதமை நிறுத்தினேன். அந்த மேசை தாழ்வு. குள்ளமான செல்லிக்கு அது தோதாக இருந்தது. கௌதம் மடங்கி நின்றுதான் வேலை செய்ய முடிந்தது. ஒரே வாரத்தில், மேசையைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லி வந்தான்.

"டிராயிங் மாத்தணும், கஸ்டமர் அப்ரூவல் வாங்கணும். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்றேன். நல்ல பையன், பண்ணிக்கொண்டான்.

வருடத்துக்கு ஒருமுறை கேஜையே அதன் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். இது விதி. வருடம் முடிந்ததும் மூலத்தைக் கூப்பிட்டு நிறுத்தினோம். டார்ச் அடித்தோம். பிடரியிலிருந்து இடுப்பு வரை பளிச்சென்று வெளிச்சம்.

"சார், இது என் முதுகுதானுங்களே?" என்று தகட்டைத் தடவிக்கொண்டே கேட்டான் கௌதம்.

அவசரக் கூட்டம் கூடி எங்கே தவறு என்று தீர விசாரித்தது. தகடு இரும்பு, அது வளையாது. மேசையைச் சோதிக்க எங்களிடம் கேஜ் இல்லை. எனவே சிவப்பு அட்டையைக் கௌதமின் கழுத்தில் மாட்டினோம். ஆறடி ஆள்தான், ஆனாலும் அவனைக் குனியச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.