கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மூழ்கிய கப்பல்

பந்தை ஒரு முறைகூடத் தொடாமல், ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது தாங்கள்தான் என்று மனதார நம்புகிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கும். தொண்டை கிழியக் கத்தும். தோற்றால் ரெஃப்ரீயைத் திட்டும், ஜெயித்தால் தன் தொண்டையைத் தானே மெச்சிக்கொள்ளும். திருவொற்றியூரில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி நான்.

(ஆமாம், தலைவிதான். இப்போது என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். மருந்துக் கடை கவுன்ட்டரில் நின்றுகொண்டு "இது சாப்பாட்டுக்கு அப்புறம்மா" என்று பூப்போலப் பேசிக்கொண்டிருக்கிறேன்.)

எங்கள் பேட்டைப் பெண்கள் கால்பந்து டீமுக்கு என் தங்கச்சி ஷீலா கோல்கீப்பர். அவள் எந்த கோலில் நிற்கிறாளோ அதற்குப் பின்னால் நாங்கள் நிற்போம். அதனால் எங்களுக்குப் 'பின்னாடி கேங்' என்று பெயர். இடைவேளைக்குப் பிறகு அவள் பக்கம் மாறினால், நாங்களும் தகர டின், எவர்சில்வர் தட்டு, கரண்டி, சாவு மேளம் வாசிக்கிற எங்கள் சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய மேளம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த கோலுக்கு ஓடுவோம். ஆடுகிறவர்களைவிட எங்களுக்குத்தான் மூச்சு அதிகமாக வாங்கும்.

வாயைப் பற்றிக் கேட்காதீர்கள். எதிர் டீம் பெண் பந்தோடு வந்தால், "ஏய் பேமானி, பந்தை வெச்சிட்டு வூட்டுக்கு ஓடுடி, அடுப்புல சோறு தீயுது!" என்று ஆரம்பிப்பேன். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால், "இன்னாய்யா, ஈ ஓட்டினு கீறியா?" என்பேன். ஒரு லைன்ஸ்மேன் கொடியை அப்படியே தரையில் போட்டுவிட்டு, "இந்தப் பொண்ணை வெளிய அனுப்புங்க, இல்ல நான் போறேன்" என்று கண்கலங்கியிருக்கிறார். அதை நான் என் வாழ்நாள் சாதனையாக நினைத்து வீட்டில் வந்து சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஷீலா எனக்கு நேர் எதிர். வீட்டில் அவள் குரலே கேட்காது. "ஒரு வூட்டுக்கு ஒரு வாய் போதும், அதையும் இவளே வெச்சினுகிறா" என்று நைனா என்னைக் காட்டிச் சொல்வார். கன்டெய்னர் யார்டில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாமல் பயிற்சி, அப்புறம் யார்டு, சாயந்திரம் திரும்பவும் பயிற்சி. எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. அந்த வருடம்தான் அவளுக்குக் கடைசி. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

மணலி டீமோடு அரையிறுதி. வேலை கொடுக்கிற டீமின் செலக்டர் நேரில் வருகிறார் என்று கோச் சொல்லிவிட்டார். அன்று காலையில் ஷீலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் கால்ல வுழறேன். இன்னிக்கு மட்டும் வாயே தொறக்காத. டின்னு, தட்டு எதுவும் வாணாம். அந்த ஆளு உங்க ரகளையப் பாத்தா பாதியில எழுந்து பூடுவாரு."

"அந்தோணியார் சத்தியமா தொறக்க மாட்டேன்டி" என்றேன்.

சத்தியம் செய்தது வாய்க்கு மட்டும்தானே? கைக்கு யாரும் சத்தியம் கேட்கவில்லையே? (அந்த வயதில் என் மூளை வக்கீல் மூளை. கேஸ்தான் ஒன்றும் ஜெயித்ததில்லை.) சத்தமே இல்லாமல் மைதானத்தை அதிரவைக்க என்ன வழி என்று என் தோஸ்து நூருவிடம் கேட்டேன். நூருவின் அத்தா ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறார். கப்பலிலிருந்து கழித்துப்போட்ட கயிறு, மிதவை, லைஃப் ஜாக்கெட், விளக்கு எல்லாம் அங்கே மலைபோல் கிடக்கும். அந்த மலைக்குள் கையை விட்டு நூரு ஒரு டப்பாவை எடுத்தாள்.

"கலர்ப் புகை வரும்மே. வெளிநாட்டு மேட்ச்ல வுடுவாங்கல்ல, அது மாதிரி. டேட்டு முடிஞ்சி பூட்ச்சி, சும்மாதான் கெடக்குது."

"இன்னா கலரு?"

"ஆரஞ்சு."

எங்கள் டீம் ஜெர்சியும் ஆரஞ்சு. கடவுளே கையில் எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது எனக்கு. டப்பாவின் மேல் தண்ணீரும், அதில் ஒரு படகும், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆளும் படமாக அச்சிட்டிருந்தது. "பாத்தியா, கோல் போட்டதும் கையத் தூக்கணும்னு படமே போட்டுகிறான்" என்றேன் நான். படகு எதற்கு என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

மைதானம் எண்ணூர் போகிற வழியில், கடலை ஒட்டி இருந்தது. ஒரு பக்க கோலுக்குப் பின்னால் குட்டைச் சுவர், அதற்குப் பின்னால் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறை, அதற்குப் பின்னால் கடல். இரண்டாவது பாதியில் ஷீலா அந்த கோலில் நின்றாள். நாங்கள் சுவரை ஒட்டி, ஏதோ பிரேயர் கூட்டம்போலக் கைகட்டி நின்றோம். இரண்டு டீமும் கோல் போடவில்லை. மணலிக்காரர்கள் எங்கள் பக்கம் பார்த்து, "இன்னாமே, யாரு வூட்டுக் கருமாதி?" என்று மேளம் அடித்தார்கள். என் வாய் எப்படித் துடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மணலியின் ஸ்ட்ரைக்கர் பந்தோடு ஷீலாவை நோக்கி வந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. டப்பாவின் வளையத்தைப் பிடித்து இழுத்தேன்.

ஊதுபத்திப் புகையைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது புகை இல்லை, பூதம். நடுக்கடலில் தவிக்கிறவனை எங்கோ போகிற கப்பலிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கச் செய்த சாமான் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. சாயந்திரக் கடற்காற்று வேறு, கடலிலிருந்து கரைக்கு ஜோராக அடித்துக்கொண்டிருந்தது. மொத்தப் புகையும் நேராக என் தங்கச்சியின் கோலுக்குள் போனது. கோல் காணோம். ஷீலா காணோம். ஸ்ட்ரைக்கர் உள்ளே போனாள், அவளையும் காணோம். விசில் சத்தம் மட்டும் கேட்டது, ரெஃப்ரீ எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பந்து கோலுக்குள் போனதா இல்லையா என்பது இன்றுவரை கர்த்தருக்கும் ஷீலாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"அணைடி! அணைடி!" என்று நூரு கத்தினாள். வீரர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பக்கெட்டில் டப்பாவை முக்கினேன். கப்பல் சாமான் தண்ணீரில் அணையுமா? அது ஜாலியாக மிதந்துகொண்டு முன்னைவிட அதிகமாகப் புகைந்தது. மேலே துண்டைப் போட்டேன், துண்டு ஆரஞ்சானது. மண்ணை அள்ளிப் போட்டேன், நான் ஆரஞ்சானேன்.

புகை கொஞ்சம் தணிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஃபைபர் படகுகள் கரையை நோக்கிச் சீறிக்கொண்டு வருகின்றன. காத்திவாக்கம் பக்கத்து மீனவர்கள். பாறைமேல் தாவி ஏறி, கயிறும் டயர் டியூபுமாகச் சுவரைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தார்கள். முதலில் குதித்த அண்ணன் உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்ட நின்று, "எங்கம்மா போட்டு? எத்தினி பேரு முழுகிட்டாங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் டப்பா இருந்தது.

"யாரும் முழுகலண்ணே" என்றேன். "மேட்ச்சு."

அவர் மைதானத்தைப் பார்த்தார், ஆரஞ்சு முகத்தோடு இருமிக்கொண்டிருந்த இரண்டு டீமையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தையா?

"வலைய அப்படியே கடல்ல வுட்டுட்டு வந்துகிறோம்மா. இதைப் பாத்தா நாங்க வந்துனேதான் இருப்போம். ஆனா நாளைக்கு ஒருத்தன் நெசமாவே முழுகிக்கினு இதைக் கொளுத்துறான்னு வெச்சிக்கோ. எவளோ பந்தாட்டத்துக்கு வுடுறான்னு நாங்க கம்முனு குந்தினு இருந்தா, அவன் கதி இன்னாவும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிஜமாகவே வெட்கம். அழுதுவிட்டேன். அவர் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு, "சரி சரி, மூஞ்சியக் கய்வு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் அத்தோடு நின்றது. செலக்டரின் வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ஆரஞ்சு. அவர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன்.

"சார், தப்பு எம்மேல சார். என் தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாது. அவ நல்லா ஆடுவா சார்."

"ஆடுறாம்மா, பாத்தேன்" என்றார் அவர். "ஆனா பாத்த வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசின மாதிரி தெரியல. கோல்கீப்பர்னா முன்னாடி நிக்கிற நாலு பேரையும் கத்திக் கத்தி நிறுத்தணும். இதுக்கு முன்னாடி யாருக்கும் சொல்லாம ரெண்டு மேட்ச் வந்து பாத்தேன், அப்பவும் அவ சத்தமே காணோம். ஊமை கோலிய வெச்சி நான் என்ன பண்றது?"

அன்று ராத்திரி ஷீலா அழவில்லை. ஜெர்சியைத் துவைத்துக்கொண்டே இருந்தாள். ஆரஞ்சு ஜெர்சியில் ஆரஞ்சுக் கறை தெரியப்போகிறதா என்ன? இருந்தாலும் துவைத்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து வைப்பதாகக் கமிட்டி முடிவு செய்தது. பார்வையாளர் ஒருத்தரும் வரக்கூடாது. பின்னாடி கேங் மைதானத்துப் பக்கம் தலைகாட்டினால் டீமே அவுட். மணலி ஸ்ட்ரைக்கரைப் பார்க்க வேண்டியிருந்ததால் செலக்டர் திரும்ப வந்தார் (பழைய சட்டையில் வந்தார், விவரமான ஆள்). நானும் நூருவும் தெருவுக்கு எதிர்ப்பக்கம், நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லர் லாரியின் நிழலில் உட்கார்ந்துகொண்டோம். பார்க்க முடியாது. காதில் விழுவதை மட்டும் வைத்து ஆட்டத்தை ஊகிக்க வேண்டும்.

விசில் ஊதினார்கள். கொஞ்ச நேரம் பந்து உதைபடுகிற சத்தம். அப்புறம் ஒரு குரல் கேட்டது.

"ஏய் லூர்து! ரைட்ல பார்ரீ! அங்க இன்னாத்தடி வேடிக்க பாத்துனு கீற? ஏறு, ஏறு, மேல ஏறு! கவிதா, அவள வுடாத, ஒட்டினு நில்லு! கஸ்மாலம், ஒட்டுன்னா கட்டிப் புடிக்காதடி, பெனால்ட்டி குடுத்துடுவான்!"

அடேயப்பா! லாரிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து இடம் மாறிப் போனது.

"யாருடி இது? கோச் புதுசா யாரையாவது இறக்கிட்டாரா?" என்று நூருவைக் கேட்டேன்.

நூரு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உன் தங்கச்சிமே."

கடைசி விசில்வரை அந்தக் குரல் நிற்கவே இல்லை. எங்கள் டீம் ஒரு கோலில் ஜெயித்தது. வெளியே வந்த ஷீலாவை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "ஏன்டி, இவ்ளோ நாளும் இப்பிடிக் கத்தாம ஏன்டி கம்முனு இருந்த?"

"எங்க கம்முனு இருந்தேன்? எல்லா மேட்ச்லயும் கத்தினுதான்கா இருந்தேன்" என்றாள் அவள். "எனக்குப் பின்னாடி நீங்க அடிக்கிற அடியில லூர்துக்குக் கேக்கல, கவிதாக்குக் கேக்கல. எனக்கே கேக்கல."

"அன்னிக்குதான் நாங்க சத்தமே போடலியே?"

"நீங்கதான் போடல. அந்த மணலி மேளம்? அதோட, நீ எப்ப இன்னா பண்ணித் தொலைப்பியோன்னு பயத்துல எனக்கு வாயே வரலக்கா."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அவளை ஜெயிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே போய் நின்று அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஷீலாவுக்கு வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. ஆர்டர் வந்த அன்று நைனா தெருவுக்கே பிரியாணி போட்டார். அப்போதும் என்னைக் கூப்பிட்டு, "நீ கொஞ்ச நேரம் அண்டாவாண்ட நில்லுமே, அவ நாலு வார்த்த பேசட்டும்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் இதுவே சட்டமாகிவிட்டது. ஷீலா ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னை வெளியே அனுப்புவார்கள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அம்மா என்னை மாடிக்கு வடாம் காயவைக்க அனுப்பினாள். நான் மேலே இருந்த நேரத்தில் ஷீலா மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, அவரைச் சம்மதிக்க வைத்து, கல்யாணத் தேதி வரை பேசி முடித்துவிட்டாள்.

கல்யாணமாகி இப்போது அவர்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறார்கள். மாசத்தில் ஒரு நாளாவது அந்த மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணுவார். பின்னால் ஷீலாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி சொல்வார்:

"அண்ணி, கொஞ்சம் வூட்டாண்ட வந்து கத்திட்டுப் போங்களேன். காலைலேர்ந்து எனக்கு இவ சத்தம் மட்டும்தான் கேட்டுனு கீது."